இரண்டாவது இயங்குதளம் போட்ட பிறகு ஹாட் டிஸ்க் ஏன் இழுக்கிறது?

யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் கம்பஸ் தம்பி ஒருவர் கேட்டது இது. 4 ஜிபி ரேமும் 1 டெராபைட் ஹாட் டிஸ்க்கும் உள்ள பழைய லப்டொப். விண்டோஸ் 10 மட்டும் இருந்தபோது ஒருமாதிரிச் சமாளித்திருக்கிறார். ப்ராஜெக்ட்டுக்காக அதே டிஸ்க்கில் உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தையும் போட்டிருக்கிறார். அதிலிருந்து இரண்டுமே மெதுவாகிவிட்டன. விண்டோஸில் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால் டிஸ்க் 100% என்று நிற்கிறது. உபுண்டுவில் இருந்து டி டிரைவில் உள்ள ப்ராஜெக்ட் ஃபோல்டரைத் திறந்து வேலை செய்தால் இன்னும் மோசம். ரிப்பேர் கடையில் "உபுண்டுவை அழியுங்கோ, எல்லாம் சரியாகும்" என்று சொல்லிவிட்டார்களாம். அழித்தால் சரியாகுமா என்பதுதான் கேள்வி.

அழிக்க வேண்டாம் தம்பி. அழித்தாலும் பெரும்பாலும் சரியாகாது. விண்டோஸ் ஓடும்போது உபுண்டு ஓடுவதில்லை. அது டிஸ்க்கின் ஒரு பகுதியில் சும்மா கிடக்கும் ஃபைல்கள்தான். ரேமையும் தொடாது, டிஸ்க்கின் ஊசியையும் (தட்டில் வாசித்து எழுதும் தலையை) அசைக்காது. மெதுவானதற்குக் காரணம், உபுண்டுவைப் போடுவதற்காக அன்று செய்த வேறு மாற்றங்கள். சி டிரைவைச் சுருக்கியிருப்பீர்கள். லப்டொப்பின் அடிப்படை அமைப்பான பயோஸில் ஏதாவது மாற்றியிருப்பீர்கள். ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப்பை நிறுத்தச் சொல்லி எங்கேயாவது படித்து நிறுத்தியிருப்பீர்கள். விண்டோஸுக்குள் போகும் நாட்கள் குறைந்திருக்கும். இவற்றில் எது உங்களுடைய காரணம் என்று கண்டுபிடிக்க வேண்டும்.

அதற்கு முன் டிஸ்க் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். இதைச் செய்யாமல் மற்றது எதையும் தொட வேண்டாம். பார்ட்டிஷனை, அதாவது டிஸ்க்கில் பிரித்த பகுதியை, சுருக்கும்போது பல வருடமாக யாரும் வாசிக்காத இடங்களை எல்லாம் டிஸ்க் வாசித்து எழுத வேண்டி வருகிறது. ஏற்கனவே பலவீனமாக இருந்த செக்டர்கள் (தரவு எழுதப்படும் சின்னத் துண்டுகள்) அப்போதுதான் வெளியே தெரியும். பழி உபுண்டு மேல் விழும்.

உபுண்டுவில் டிஸ்க்ஸ் என்று ஒரு செயலி கூடவே வருகிறது. அதைத் திறந்து, டிஸ்க்கைத் தெரிவு செய்து, மெனுவில் ஸ்மார்ட் டேட்டாவை, அதாவது டிஸ்க் தன் நலத்தைத் தானே குறித்து வைக்கும் பட்டியலை, பாருங்கள். விண்டோஸில் என்றால் கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ போதும், அது இலவசம். நீளமான பட்டியல் வரும், பயப்பட வேண்டாம். பார்க்க வேண்டியது 5, 197, 198, 199 என்ற இலக்கங்கள் மட்டும். கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ இவற்றை 05, சி5, சி6, சி7 என்று காட்டும். 5 என்பது கெட்டுப்போய் மாற்று இடம் கொடுக்கப்பட்ட செக்டர்கள். 197 என்பது வாசிக்க முடியாமல் முடிவு தெரியாமல் நிற்கும் செக்டர்கள். 198 என்பது திருத்தவே முடியாதவை. 197 பூச்சியம் இல்லை என்றால் உங்கள் மெதுவுக்குக் காரணம் அதுவாகவே இருக்கலாம். கெட்ட செக்டர் ஒன்றை டிஸ்க் உடனே கைவிடாது. திரும்பத் திரும்ப முயன்று பல செக்கன்கள் அப்படியே நிற்கும். அவ்வளவு நேரமும் டாஸ்க் மேனேஜர் 100% காட்டும், எழுதும் வாசிக்கும் வேகம் பூச்சியத்துக்குப் பக்கத்தில் இருக்கும். 199 மட்டும் ஏறிக்கொண்டே போனால் டிஸ்க்கில் குற்றம் இல்லை, கேபிள் அல்லது கனெக்டர். கழற்றித் துடைத்துப் பூட்டிப் பாருங்கள்.

எங்கள் பக்கத்தில் இந்த 197 கூடுவதற்கு ஒரு வழமையான காரணம் உண்டு. பட்டரி செத்த லப்டொப்பை நேரே பிளக்கில் போட்டு ஓட்டுவது. கரன்ட் போகும் அந்தக் கணத்தில் டிஸ்க் எழுதிக்கொண்டிருந்தால் அந்த செக்டர் அரைகுறையாக நின்றுவிடும். 2022 மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது நினைவிருக்கும். அந்தக் காலத்தைக் கடந்து வந்த டிஸ்க் என்றால் கொஞ்சம் சந்தேகத்தோடுதான் பார்க்க வேண்டும். இப்படி அரைகுறையாக எழுதப்பட்டவை மட்டும் என்றால் மேலே திரும்ப எழுதும்போது சரியாகிவிடும், எண்ணும் குறையும். ஆனால் 5உம் சேர்ந்து ஏறுகிறது என்றால் விளையாட வேண்டாம். படங்கள், அசைன்மென்ட், ப்ராஜெக்ட் எல்லாவற்றையும் வேறு டிஸ்க்கில் எடுத்து வைத்துவிட்டு புது டிஸ்க் பாருங்கள்.

டிஸ்க் நல்லது என்று வைத்துக்கொள்வோம். அப்படியென்றால் ஒரு சின்னக் கணக்கு. இது விளங்கினால் மற்றது எல்லாம் தானாக விளங்கும்.

லப்டொப் ஹாட் டிஸ்க் அநேகமாக நிமிடத்துக்கு 5400 தடவை சுற்றும். அதாவது செக்கனுக்கு 90 சுற்று, ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 11 மில்லிசெக்கன். தேவையான செக்டர் ஊசிக்குக் கீழே வருவதற்குச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஊசி ஒரு தடத்தில் இருந்து இன்னொரு தடத்துக்குப் போக இன்னும் ஒரு 12 மில்லிசெக்கன். கூட்டினால் ஒரு வாசிப்புக்கு 17, 18 மில்லிசெக்கன். அப்படியென்றால் சிதறிக் கிடக்கும் ஃபைல்களை வாசிக்கும்போது செக்கனுக்கு அறுபது வாசிப்பைத் தாண்டுவது கஷ்டம். ஒவ்வொன்றும் 4 கிலோபைட் என்றால் செக்கனுக்கு 240 கிலோபைட்! அதே டிஸ்க் ஒரு பெரிய படத்தை நேர்கோட்டில் கொப்பி பண்ணினால் செக்கனுக்கு 100 மெகாபைட் தரும். "டிஸ்க் 100%, ஆனால் வேகம் 1 மெகாபைட்கூட இல்லை" என்று பலர் திகைக்கிறார்களே, அது பழுது இல்லை. ஊசி ஓடி ஓடிக் களைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே நாங்கள் செய்ய வேண்டியது ஊசியின் ஓட்டத்தைக் குறைப்பது.

சி டிரைவைச் சுருக்கும்போது இந்த ஓட்டம் கூடிவிடுகிறது. 1 டெராபைட்டில் பாதியை உபுண்டுவுக்கும் டிக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு, விண்டோஸை 120 ஜிபிக்குள் அடைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். விண்டோஸ், ஒஃபிஸ், ஒன்றிரண்டு விளையாட்டு போட்டால் அதில் மிச்சம் 8, 10 ஜிபிதான். இடம் இல்லாதபோது புதிதாக எழுதும் ஒவ்வொரு ஃபைலும் கிடைத்த ஓட்டைகளில் துண்டு துண்டாக விழும். ஐந்தில் ஒரு பங்காவது காலியாக இருக்கட்டும். டவுன்லோட் ஃபோல்டரை டிக்கு மாற்றுங்கள், டிஸ்க் கிளீனப்பில் பழைய அப்டேட் ஃபைல்களை அழியுங்கள். பிறகு, சிதறிய துண்டுகளை ஒன்றுசேர்க்கும் டிஃப்ராக்கை ஒரு இரவு ஓடவிடுங்கள். டிஃப்ராக் பழங்காலத்து வேலை என்று சிரிப்பார்கள்; சுற்றும் தட்டு இல்லாத எஸ்எஸ்டிக்கு அது வேண்டாம்தான், ஆனால் ஹாட் டிஸ்க்குக்கு, அதுவும் பார்ட்டிஷன் சுருக்கிய பிறகு, நிச்சயம் பலன் உண்டு.

உபுண்டு மெதுவாவதற்கு வேறொரு காரணம் சேர்கிறது. டிஸ்க்கின் செக்டர் இலக்கங்கள் வெளி விளிம்பில் தொடங்கி உள்நோக்கிப் போகின்றன. வெளி விளிம்பில் ஒரு சுற்றுக்கு அதிக செக்டர்கள் கடந்து போகும். உள்ளே போகப் போகக் குறையும். கடைசிப் பகுதியின் நேர்கோட்டு வேகம் தொடக்கப் பகுதியில் கிட்டத்தட்டப் பாதிதான். விண்டோஸைச் சுருக்கி மிஞ்சிய இடத்தில் உபுண்டுவைப் போடும்போது அது எங்கே போய் விழும்? விண்டோஸுக்குப் பின்னால், பெரும்பாலும் கடைசியில்தான். டிஸ்க்ஸ் செயலியில் பெஞ்ச்மார்க் ஓட்டிப் பாருங்கள், கோடு இடமிருந்து வலமாக இறங்கிக்கொண்டே போவது கண்ணுக்கே தெரியும்.

அப்படியென்றால் உபுண்டுவை முன்னுக்குக் கொண்டுவரலாமே என்று கேட்பீர்கள். வேண்டாம். பார்ட்டிஷனின் இடது விளிம்பை நகர்த்துவது என்றால் உள்ளே இருக்கும் அத்தனை டேட்டாவையும் இடம்பெயர்ப்பது. மணிக்கணக்காகும். இடையில் கரன்ட் போனால் இரண்டும் போகும். மாரி மழைக் காலத்தில், இடி மின்னலோடு, பட்டரி இல்லாத லப்டொப்பில் இதைச் செய்யத் துணிபவர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

இனி விண்டோஸ் பக்கம். நீங்கள் இப்போது பெரும்பாலும் உபுண்டுவில்தான் இருக்கிறீர்கள், விண்டோஸுக்கு இடைக்கிடைதான் போகிறீர்கள் என்று நினைக்கிறேன். இரண்டு கிழமை மூடிக் கிடந்த விண்டோஸ், திறந்த உடனேயே அத்தனை கிழமை வேலையையும் ஒரே மூச்சில் செய்யப் பார்க்கும். வைரஸ் தேடும் டிஃபெண்டர் புதுத் தரவை இறக்கி ஸ்கேன் பண்ணும், சேர்ச் இன்டெக்ஸ் கட்டும், பிரவுசரும் ஒஃபிஸும் தங்களைப் புதுப்பிக்கும். 2025 ஒக்டோபர் 14உடன் விண்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. ஆனால் இந்தச் சின்னச் சின்ன வேலைகள் நிற்கவில்லை. நீங்கள் திறப்பது ஒரு அவசரத்துக்கு, பிரிண்ட் எடுக்கவோ ஒரு வேர்ட் ஃபைலைத் திருத்தவோ. அந்த அரை மணித்தியாலத்தில்தான் அதுவும் எல்லாம் செய்யும். முடிக்க விடாமல் நீங்கள் ரீஸ்டார்ட் பண்ணுவீர்கள், அடுத்த முறை அது முதலில் இருந்து தொடங்கும். டூயல் பூட், அதாவது ஒரே லப்டொப்பில் இரண்டு இயங்குதளம், வைத்திருக்கும் நிறையப் பேருடைய முறைப்பாடு உண்மையில் இதுதான். மருந்து எளிது: கிழமைக்கு ஒரு இரவு விண்டோஸைத் திறந்து, சார்ஜரில் போட்டு, ஸ்லீப்புக்குப் போகாமல் பண்ணி, அப்படியே விட்டுவிட்டுத் தூங்குங்கள். மறுநாளும் 100% என்றால் ரிசோர்ஸ் மொனிட்டரைத் திறந்து டிஸ்க் பகுதியில் எந்தப் பெயர் மேலே நிற்கிறது என்று பாருங்கள். சிஸ்மெயினை நிறுத்தச் சொல்லும் அறிவுரை எங்கும் கிடைக்கும். அது அடிக்கடி பாவிக்கும் செயலிகளை முன்கூட்டியே ரேமுக்குள் ஏற்றி வைப்பது, ஹாட் டிஸ்க்கில் சாதாரணமாக நன்மைதான். ஆனால் 4 ஜிபியில் ஏற்றி வைக்க இடமே இல்லை, ஆகவே உங்களுடையதில் நிறுத்திப் பார்ப்பதில் நட்டம் ஒன்றும் இல்லை.

ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் கதை வேறு. விண்டோஸ் 8இல் இருந்து வந்த வசதி இது. ஷட் டவுன் கொடுத்தாலும் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. உள்கட்டமைப்பை ஒரு ஃபைலில் எழுதிவிட்டுப் பாதித் தூக்கத்தில் இருக்கும். டூயல் பூட் வைத்தால் இதை நிறுத்தத்தான் வேண்டும். நிறுத்தாவிட்டால் அந்தப் பார்ட்டிஷன் உபுண்டுவில் வாசிக்க மட்டும் திறக்கும், அல்லது திறக்கவே திறக்காது. அடம்பிடித்து எழுதினால் ஃபைல்கள் பழுதாகி, ஒவ்வொரு முறையும் விண்டோஸ் தொடங்கும்போது டிஸ்க் பரிசோதனை ஓடும். நிறுத்தினால் விண்டோஸ் ஏறும் நேரம் கூடும். ஹாட் டிஸ்க்கில் இது நன்றாகவே தெரியும். "உபுண்டு போட்ட பிறகு விண்டோஸ் ஏற நேரம் எடுக்கிறது" என்பதில் பாதி இந்த மாற்றத்தின் விலைதான். கொடுக்க வேண்டிய விலை, கொடுங்கள்.

பயோஸில் என்ன மாற்றினீர்கள் என்பதையும் யோசியுங்கள். 2018, 2019 அளவில் வந்த சில லப்டொப்களில் 1 டெராபைட் ஹாட் டிஸ்க்கோடு 16 ஜிபி இன்டெல் ஒப்டேன் மெமரி என்று ஒரு சின்னத் துண்டு இருக்கும். அடிக்கடி வாசிப்பதை எல்லாம் அது தன்னிடம் வைத்துக்கொண்டு, ஹாட் டிஸ்க்கை வேகமானதாகக் காட்டும். உபுண்டு இன்ஸ்டோலர் டிஸ்க்கைக் காணவில்லை என்று சொல்ல, யாரோ சொன்னபடி ஒப்டேனை நிறுத்தி ஏஹெச்சிஐ என்ற சாதாரண டிஸ்க் முறைக்கு மாற்றியிருந்தால், விண்டோஸ் அன்றிலிருந்து வெறும் ஹாட் டிஸ்க்கில் ஓடுகிறது. மெதுவாகாமல் என்ன செய்யும்? இதில் திரும்பிப் போகும் வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒப்டேன் இயங்கினால் அதோடு இணைந்த டிஸ்க்கில் உபுண்டுவைப் பாதுகாப்பாக வைக்க முடியாது. வேறு காரணத்துக்காகவும் இந்த அமைப்பை அவசரப்பட்டு மாற்ற வேண்டாம். ஆயத்தம் இல்லாமல் மாற்றினால் விண்டோஸ் நீலத்திரையோடு நின்றுவிடும், டிஸ்க்கை மறைகுறியாக்கும் பிட்லொக்கர் இருந்தால் ரிக்கவரி கீயும் கேட்கும்.

இப்போது உங்கள் ப்ராஜெக்ட் ஃபோல்டர். அது டி டிரைவில், என்டிஎஃப்எஸ் என்ற விண்டோஸின் ஃபைல் அமைப்பில் இருக்கிறது. உபுண்டுவில் என்டிஎஃப்எஸ்ஸை நெடுங்காலமாகக் கையாண்டது என்டிஎஃப்எஸ்-3ஜி என்ற மென்பொருள். அது இயங்குதளத்தின் மையமான கேர்னலுக்கு வெளியே ஓடுவது, ஒவ்வொரு சின்ன ஃபைலுக்கும் உள்ளே வெளியே என்று அலைய வேண்டும். 2021இல் வந்த 5.15 கேர்னலில் கேர்னலுக்குள்ளேயே ஓடும் புது டிரைவர் ஒன்று சேர்ந்தது, வேகம் பரவாயில்லை. ஆனாலும் ஆயிரக்கணக்கான சின்ன ஃபைல்கள் உள்ள ப்ராஜெக்ட்டை, அதுவும் நோட் மொடியூல்ஸ் போன்ற ஃபோல்டரோடு, என்டிஎஃப்எஸ்ஸில் வைத்து உபுண்டுவில் கம்பைல் பண்ணுவது தலையெழுத்து. ப்ராஜெக்ட் ஃபோல்டரை உபுண்டுவின் ஹோம் ஃபோல்டருக்கு மாற்றுங்கள். டியைப் படம், பாட்டு, பிடிஎஃப் வைக்கப் பாவியுங்கள். உபுண்டு பக்கத்தில் நீங்கள் காணப்போகும் மிகப் பெரிய மாற்றம், காசு செலவில்லாமல், இதுதான்.

அடுத்தது ரேம். 4 ஜிபியில் உபுண்டுவின் டெஸ்க்டொப்பும், பிரவுசரில் பத்து டாபும், ஒரு கோட் எடிட்டரும் திறந்தால் ரேம் முடிந்துவிடும். மிச்சம் ஸ்வொப்புக்கு, அதாவது ரேமுக்குப் பதிலாகப் பாவிக்கும் டிஸ்க் இடத்துக்கு, போகும். ஸ்வொப் எங்கே இருக்கிறது? அதே டிஸ்க்கின் மெதுவான உள்பக்கத்தில். செக்கனுக்கு அறுபது வாசிப்புக் கணக்கை இப்போது மறுபடி நினையுங்கள். மவுஸ் நகராமல் டிஸ்க் லைட் மட்டும் எரிந்துகொண்டிருப்பது இதனால்தான். ஸ்வொப்பை எவ்வளவு தாராளமாகப் பாவிப்பது என்று சொல்லும் ஸ்வொப்பினஸ் என்ற அளவை 60இல் இருந்து 10 ஆக்கச் சொல்வார்கள். ரேமே இல்லாதபோது அதனால் பெரிதாக ஒன்றும் நடக்காது என்பது என் எண்ணம். ஸீரேமை இயக்குவது உதவும், அது ரேமுக்குள்ளேயே சுருக்கி வைக்கும், டிஸ்க்குக்குப் போகாது. உபுண்டுவுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போடுவதும் நல்ல யோசனை. டெஸ்க்டொப் இலேசு, அதோடு ஸ்னாப் இல்லை. உபுண்டுவில் ஃபயர்ஃபொக்ஸ் ஸ்னாப்பாக வருகிறது. சுருக்கி வைத்த அந்தப் பொதியை ஹாட் டிஸ்க்கில் இருந்து முதல் தடவை திறக்கும்போது எடுக்கும் நேரம் எரிச்சல் தரும்.

சில்லறை விடயங்கள் இரண்டு. டிஸ்க்கில் இருந்து இடைக்கிடை "டிக்" என்று சத்தம் வந்து, பிறகு ஒரு செக்கன் எல்லாம் நின்று தொடர்கிறதா? மின்சாரம் மிச்சம் பிடிக்க ஊசியை ஓரம் கட்டி வைக்கும் பழக்கம் அது. ஸ்மார்ட் பட்டியலில் 193 வேகமாக ஏறினால் அதுவேதான். டிஸ்க்ஸ் செயலியின் டிரைவ் செட்டிங்ஸில் ஏபிஎம் என்ற மின்சேமிப்பு அளவை 254 ஆக்குங்கள். ஆனால் சத்தம் தொடர்ந்து ஒரே தாளத்தில் வந்தால் அது வேறு, டிஸ்க் விடைபெறுகிறது. மற்றது, எக்ஸ்பி காலத்தில் பிரித்த பார்ட்டிஷன்களை அப்படியே புது டிஸ்க்குக்கு குளோன் பண்ணிக்கொண்டு வந்தவர்களுக்கு: அவை 63ஆம் செக்டரில் தொடங்கும், 4 கிலோபைட் செக்டர் டிஸ்க்கோடு பொருந்தாது, எழுதுவது மெதுவாகும். விஸ்டாவுக்குப் பிறகு பிரித்தவை 2048இல் தொடங்குவதால் அந்தப் பிரச்சினை இல்லை.

டிஸ்க்கோடு நேரடியாகச் சேராதது ஒன்று, ஆனால் இதையும் கவனித்திருப்பீர்கள். விண்டோஸும் உபுண்டுவும் மாறி மாறிப் போகும்போது கடிகாரம் ஐந்தரை மணித்தியாலம் தவறுகிறதா? விண்டோஸ் இலங்கை நேரத்தை அப்படியே மெயின்போர்ட்டில் எழுதும், உபுண்டு கிரீன்விச் நேரத்தை எழுதும். நேரம் பிழைத்தால் பாதுகாப்பான தளங்கள் திறக்காது, அப்டேட்டும் தடுமாறும். டெர்மினலில் டைம்டேட்சிடிஎல் கட்டளையால் உபுண்டுவையும் உள்ளூர் நேரத்துக்கு மாற்றிவிடலாம்.

இவ்வளவும் செய்தால் லப்டொப் முன்பு இருந்த நிலைக்கு வரும். அதைத் தாண்ட வேண்டும் என்றால் எஸ்எஸ்டிதான். அதில் சுற்றும் தட்டும் இல்லை, ஓடும் ஊசியும் இல்லை. செக்கனுக்கு அறுபது என்ற கணக்கு பல்லாயிரமாகும். உள்பக்கம் வெளிப்பக்கம் என்ற கதையும் முடிந்தது. காசு ஒன்றுக்குத்தான் இருக்கிறது என்றால் ரேமுக்கு முன் எஸ்எஸ்டியை வாங்குங்கள், ஸ்வொப்பின் வேதனைகூடக் குறையும். 256 ஜிபி அளவில் ஒன்று போதும். கடைக்குப் போவதற்கு முன் லப்டொப்பின் மொடல் இலக்கத்தை வைத்து அதில் சின்ன எஸ்எஸ்டி பூட்டும் எம்.2 இடம் இருக்கிறதா, இருந்தால் அதன் இணைப்பு வகை சாட்டாவா என்விஎம்இயா என்று பார்த்துக்கொள்ளுங்கள். கண்ணுக்கு ஒன்றுபோல இருக்கும், மாறினால் வேலை செய்யாது. எம்.2 இல்லாத பழைய மொடலில் டிவிடி டிரைவ் இருந்தால், அதைக் கழற்றி, டிஸ்க்கைப் பொருத்தும் சட்டகமான கேடி ஒன்றைப் போடலாம். கேடி 9.5 மில்லிமீற்றர், 12.7 மில்லிமீற்றர் என்று இரண்டு தடிப்பில் வரும், அளந்து வாங்குங்கள். எஸ்எஸ்டியை ஹாட் டிஸ்க் இருந்த இடத்தில் பூட்டி, ஹாட் டிஸ்க்கை கேடிக்குள் போடுங்கள். ஏனென்றால் சில மொடல்களில் டிவிடி பக்கத்து இணைப்பு வேகம் குறைந்தது.

பெயர் தெரியாத பிராண்டில் 2 டெராபைட் என்று நம்ப முடியாத விலைக்கு வருவதைத் தொடவே வேண்டாம். பாவித்த எஸ்எஸ்டி என்றால் வாங்கும் இடத்திலேயே கிறிஸ்டல் டிஸ்க் இன்ஃபோவில் போட்டு, எத்தனை மணித்தியாலம் ஓடியது, ஆயுள் எத்தனை சதவீதம் மிச்சம் என்று காட்டச் சொல்லுங்கள். காட்ட மறுத்தால் அடுத்த கடைக்குப் போங்கள். வாங்கி வந்த பிறகு விண்டோஸையும் லினக்ஸையும் அதில் புதிதாகவே போடுங்கள், விண்டோஸ் முதலில், லினக்ஸ் பிறகு. இந்த ஒழுங்கில் போட்டால் பூட் மெனுவை லினக்ஸே அமைத்துக் கொடுக்கும்.